புதனுக்குப் பச்சையைக் கொடுத்தவர் யார்?

1. கேள்வி

“புதன் கெட்டிருக்கு. புள்ளைக்குச் சுண்டுவிரல்ல ஒரு பச்சைக்கல் போட்டுவிடுங்க.” வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் சாதகத்தை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு சோதிடரிடம் போய்வந்த எவருக்கும் இந்த வாக்கியம் புதிதல்ல. கணக்கில் பின்தங்கிய மாணவன், பேசத் திக்கும் சிறுமி, கடன் கொடுத்தே நொடித்த கடைக்காரர் என்று ஆள் மாறினாலும் கல் மாறுவதில்லை. புதன் புத்திக்கும் வாக்குக்கும் கணக்குக்கும் வாணிபத்துக்கும் காரகன். மிதுனமும் கன்னியும் அவன் வீடுகள். ஆயில்யம், கேட்டை, ரேவதி அவன் நட்சத்திரங்கள். அவன் திசை 17 ஆண்டு. நிறம் பச்சை, தானியம் பாசிப்பயறு, கல் மரகதம். பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கங்களிலும் நகைக்கடை தரும் அட்டையிலும் இந்த வாய்பாடு மாறாமல் அச்சாகிறது.

மரகதம் பலிக்குமா என்பதுதான் வழக்கமாக எழும் கேள்வி. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது இன்னொன்று. “வேத காலத்துச் சாத்திரம்” என்ற சிறப்புப் பெயரோடு விற்கப்படும் இந்த இணைப்பு, புதனும் மரகதமும் சேர்ந்த இணைப்பு, உண்மையில் எவ்வளவு பழையது? அதைக் கேட்க வில்லியனூர்-பாகூர் வட்டாரம் பொருத்தமான இடம். சோதிடத்தை வேத அங்கமாகக் கற்ற மரபுக்குரிய பள்ளி ஒன்று இங்கே இருந்திருக்கிறது. கல்லை அறுத்து, துளையிட்டு, கடல் கடந்து விற்ற பட்டறைகளும் அருகிலேயே இருந்திருக்கின்றன.

2. பாகூரில் இருந்த கல்விச்சாலை

பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், 9ஆம் நூற்றாண்டில், வெளியிடப்பட்ட பாகூர்ச் செப்பேடு, அவ்வூரிலிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாக்குகிறது. மரபுக் கணக்கில் வித்தியாஸ்தானம் பதினான்கு: வேதங்கள் நான்கு, அங்கங்கள் ஆறு, மீமாம்சை, நியாயம், புராணம், தரும சாத்திரம். ஆறு அங்கங்களில் ஒன்று சோதிடம். ஆகவே, “எங்கள் பாகூரிலேயே ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் வேத சோதிடம் கற்பித்தார்கள்” என்று ஒருவர் சொன்னால் அதை எளிதில் மறுத்துவிட முடியாது.

ஆனால் அங்கமாகிய அந்தச் சோதிடம் எது? இலகதரின் பெயரால் வழங்கும் வேதாங்க சோதிடம் சூரியன், சந்திரன், நட்சத்திரங்கள், ஐந்தாண்டு யுகம் ஆகியவற்றைக் கொண்டு வேள்விக்கு நாள் குறிக்கும் கணக்கு. அதில் பன்னிரண்டு இராசி இல்லை, இலக்கினம் இல்லை, பிறப்புச் சாதகம் இல்லை. புதன் என்ற கோளின் ஓட்டத்துக்குக் கணக்கும் இல்லை. இவையெல்லாம் கி.பி. முதல் நூற்றாண்டுகளில் யவனத் தொடர்பால் வந்து இங்கே வேரூன்றியவை. ‘ஓரை’, ‘கேந்திரம்’ என்று இன்றும் நாம் சொல்லும் சொற்கள் கிரேக்க மூலம் உடையவை. பாகூர் ஆசிரியர்கள் காலத்துக்குள் சாதகச் சோதிடம் இந்திய மரபாகவே முழுமை பெற்றுவிட்டது. வராகமிகிரர் எழுதி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அவர்கள் அதைக் கற்றிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. எனவே கேள்வியை வராகமிகிரரிடமே கொண்டுபோவோம்.

3. நூல்கள் சொல்வதும் சொல்லாததும்

6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்கிதை இரத்தினப் பரிசோதனைக்கு என்றே இயல்கள் ஒதுக்குகிறது. வைரத்துக்கும் முத்துக்கும் மாணிக்கத்துக்கும் விரிவான இடம். மரகதத்துக்கு ஒரே ஒரு செய்யுள். கிளி, மூங்கில் இலை, வாழை, வாகைப்பூ ஆகியவற்றின் நிறம் கொண்ட மரகதம் தேவ காரியத்திலும் பிதிர் காரியத்திலும் மிக்க பலன் தரும் என்பதோடு அது முடிகிறது. புதன் அங்கே வரவில்லை. அவருடைய பிருகத் சாதகம் கோள்களுக்கு உரிய பொருள்களை வரிசைப்படுத்தும் இடத்தில் சூரியனுக்குச் செம்பையும் சந்திரனுக்கு மணியையும் செவ்வாய்க்குப் பொன்னையும் தந்து, புதனுக்குக் கலப்பு உலோகத்தைத் தருகிறது. கல்லையும் கோளையும் நன்கறிந்த ஒருவர் இரண்டு நூல் எழுதியும் மரகதத்தைப் புதன் கையில் கொடுக்கவில்லை என்பது சிறிய செய்தியல்ல.

கோள்சாந்திக்கு மூத்த சான்றுகளில் ஒன்றான யாக்ஞவல்கிய ஸ்மிருதியும் இதே போக்கில்தான் செல்கிறது. கோள்களின் உருவங்களைச் செம்பு, படிகம், செஞ்சந்தனம், பொன், வெள்ளி, இரும்பு, ஈயம், வெண்கலம் ஆகியவற்றால் செய்யச் சொல்கிறது. புதனுக்கு உரியது பொன். பூசை, ஓமம், அன்னம், தட்சிணை என்று பரிகாரம் போகிறது. எதையும் விரலில் மாட்டிக்கொள்ளச் சொல்லவில்லை. கொடுத்துத் தீர்ப்பதே பழைய பரிகாரம். வாங்கி அணிவது பிந்தி வந்தது.

தமிழ்ப் பக்கம் திரும்பினால் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடைத் தெருவை ஒவ்வொரு கல்லாகக் காட்டுகிறது. அதில் மரகதமும் உண்டு. அதற்குரிய குற்றங்கள் நீங்கியதா என்று பார்க்கும் வணிகக் கண்ணும் உண்டு. ஒன்பான் மணிகள் அங்கே ஒளிர்கின்றன. ஒன்பது கோள்கள் அவற்றின் பின்னால் நிற்கவில்லை. புராணங்களோ மரகதத்தை இன்னொருவரிடம் சேர்க்கின்றன. வலன் என்ற அசுரனின் உடலிலிருந்து மணிகள் பிறந்தன என்றும், அவனுடைய பித்தம் மரகதமாயிற்று என்றும் கருட புராணம் சொல்கிறது. அதைக் கவர்ந்து சென்ற பாம்பைக் கருடன் மறித்ததால் அது மலையில் சிந்தியதாம். கருடப்பச்சை என்ற பெயர் இந்தக் கதையின் எச்சம். அந்நாளில் மரகதம் நஞ்சுக்கு மாற்று. புத்திக்கு மருந்தாகும் பொறுப்பு அதன் தலையில் இன்னும் ஏறவில்லை.

இடையில் ஒரு சிறு விலகல். புதுச்சேரி ஒன்றியப் பகுதியிலேயே வழிபாட்டில் உள்ள புகழ்பெற்ற மரகதம் காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றில் இருக்கிறது: சப்த விடங்கத் தலங்களுள் ஒன்றான அக்கோயிலின் மரகத லிங்கம். ஊரெல்லாம் சனிப்பெயர்ச்சிக்குத் திரளும் தலத்தில் பூசை பெறும் மணி, சனிக்குரியதாகச் சொல்லப்படும் நீலம் அல்ல, பச்சை. விடங்க மரபுக்கும் சனிக்கும் தொடர்பில்லை என்று சொல்லலாம், சரிதான். என் வாதமும் அதுவே. மரகதத்துக்குத் தமிழ்க் கோயில் மரபு கொடுத்த பொருள் வேறு, சோதிட வாய்பாடு கொடுத்த பொருள் வேறு. புதனுக்கென்றே மக்கள் செல்லும் திருவெண்காட்டில் இன்றும் முதன்மையான காணிக்கை பச்சைத் துணியும் பாசிப்பயறும்தான்.

அப்படியானால் இணைப்பு எங்கே தெளிவாகத் தென்படுகிறது? 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகப் பொதுவாகக் கருதப்படும் வைத்தியநாத தீட்சிதரின் சாதக பாரிசாதத்தில் சூரியனுக்கு மாணிக்கம், சந்திரனுக்கு முத்து, செவ்வாய்க்குப் பவளம், புதனுக்கு மரகதம் என்ற இன்றைய வரிசை அப்படியே இருக்கிறது. ஆனால் அது காரகப் பட்டியல்: இன்ன கோளுக்கு இன்ன திசை, இன்ன சுவை, இன்ன மணி என்ற வகைப்பாடு. காசியில் இராம தைவக்ஞர் 1600இல் எழுதிய முகூர்த்த சிந்தாமணிக்கு வரும்போது அது அணிவதற்கான விதியாகிறது. பட்டியல் சீட்டாக மாறிய இந்தத் திருப்பமே நம் ஊர் மோதிரத்தின் உண்மையான முன்னோர். அதற்கு வயது சில நூறு ஆண்டுகள். மரபு என்று சொல்ல அது போதும். வேதம் என்று சொல்லப் போதாது.

4. கடல் கொண்டுவந்த சொல், கடல் கொண்டுபோன கல்

கல்லின் வரலாறு இன்னும் சுவையானது. ‘மரகதம்’ என்ற சொல்லே இறக்குமதி என்பது சொற்பிறப்பு அறிஞர் பெரும்பாலோர் முடிவு. மின்னுதல் என்ற பொருளுடைய செமித்திய வேரிலிருந்து கிரேக்கத்தின் ‘ஸ்மராக்தோஸ்’ வழியே வடமொழிக்கு வந்தது. எதிர்த்திசையில் போன சொல்லும் ஒன்று உண்டு. பிராகிருதத்தின் ‘வேளுரிய’ கிரேக்கத்தில் ‘பெரில்லோஸ்’ ஆயிற்று, அதிலிருந்து பெரில். அதைத் தென்னிந்திய ஊர்ப்பெயரோடு இணைப்போரும் உளர். செருமானியர் மூக்குக்கண்ணாடியை ‘பிரில்லெ’ என்பது இச்சொல்லின் கொடிவழியில்தான்.

வேடிக்கை என்னவென்றால் மரகதமும் பெரிலும் ஒரே கனிமம். பெரிலியம், அலுமினியம், சிலிக்கேட் சேர்ந்த படிகத்தில் குரோமியமோ வனேடியமோ சிறிது கலந்தால் பச்சை. இரும்பு கலந்தால் நீலச்சாயல். நம் கொங்கு நாட்டில், காங்கேயத்தை அடுத்த படியூரில் கிடைத்தது அந்த நீலச்சாயல் பெரில். உரோம நாட்டு பிளினி இந்தியப் பெரிலைப் போற்றி எழுதினார். பழந்தமிழகத்தின் விலைமதிப்புள்ள பெரில் அதுவே. பச்சை வகை வெளியிலிருந்து வந்தது. 6ஆம் நூற்றாண்டில் கடற்பயணியும் துறவியுமான காஸ்மாஸ், எத்தியோப்பியர் மரகதத்தை வாங்கி இந்தியாவுக்குக் கொண்டுபோய் விற்று உயர்ந்த சரக்குகளை ஏற்றிவருவதாக எழுதியிருக்கிறார். வராகமிகிரரின் அதே நூற்றாண்டு. அன்று மரகதம் அரசர்க்கும் கோயிலுக்கும் எட்டும் அரும்பொருள்; கணக்கில் பின்தங்கிய பையன் ஒவ்வொருவனுக்கும் அதை எழுதிக்கொடுக்கும் சோதிடம் அன்று நடைமுறையில் சாத்தியமே இல்லை.

‘வைடூரியம்’ என்ற சொல் பட்ட பாட்டையும் பார்க்க வேண்டும். பழைய வழக்கில் பெரிலைக் குறித்த அது இன்று கேதுவுக்குரிய பூனைக்கண் கல்லைக் குறிக்கிறது. நூலில் உள்ள பெயர் நிற்கிறது, பெயருக்குரிய கல் மாறிவிட்டது. நூல் சொன்னபடியே அணிகிறோம் என்பவர் எந்த நூற்றாண்டுப் பொருளில் அணிகிறார் என்று கேட்க இடமிருக்கிறது.

வில்லியனூருக்கும் பாகூருக்கும் அண்மையில், அரியாங்குப்பம் கொம்யூனில் அரிக்கமேடு இருக்கிறது. 1937இல் ழூவோ துப்ரேய் அங்கே சிறுவர்களிடமிருந்து அகஸ்டஸ் தலை பொறித்த மணியொன்றைப் பெற்றார். 1945இல் மார்ட்டிமர் வீலர், 1947 முதல் 1950 வரை கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்ளி என்று அகழாய்வுகள் நடந்தன. சூதுபவளம், படிகம், செவ்வந்திக்கல் போன்றவற்றை அறுத்து மணியாக்கிய இடம் அது. அதைவிடப் பெரிய தொழில் ஒன்றும் அங்கே நடந்தது: கண்ணாடி மணி. பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று இழுத்து நறுக்கிய சிறு கண்ணாடி மணிகள் தென்கிழக்காசியாவரை போயின. இந்தியர் படிகத்துக்குச் சாயமேற்றி மணிகளை, குறிப்பாகப் பெரிலை, போலி செய்வதில் வல்லவர் என்று பிளினி எழுதியது நினைவுக்கு வருகிறது. குறையாக அதைச் சொல்லவில்லை. கைத்திறனாகவே எனக்குப் படுகிறது. ஆனாலும் போலிக்கல்லின் வரலாறு மெய்க்கல்லின் வரலாற்றுக்குச் சற்றும் இளையதல்ல என்பதை இன்றைய வாங்குவோர் மறக்கக் கூடாது.

விநியோகம் பெருகியது 16ஆம் நூற்றாண்டுக்குப் பின். இசுபானியர் கைப்பற்றிய கொலம்பியாவின் முசோ, சிவோர் சுரங்கங்களின் பச்சைக் கற்கள் ஐரோப்பா வழியாகவும் கோவா வழியாகவும் முகலாய அரசவைகளை வந்தடைந்தன. 2000இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஆக்சிசன் ஐசோடோப்பு ஆய்வு, ஐதராபாத் நிசாமின் கருவூலத்தில் பழம் ஆசியச் சுரங்கத்தவை என்று கருதப்பட்டவற்றிலேயே கொலம்பியக் கற்கள் இருப்பதைக் காட்டியது. முகூர்த்த சிந்தாமணி எழுதப்பட்டதும் இந்த வரத்துக் காலத்தில்தான். ஒன்று மற்றதை உண்டாக்கிற்று என்று நான் சொல்லவில்லை; அணியச் சொல்லும் விதி பரவ, அணியக் கல் கிடைத்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். இந்தியாவிலேயே மரகதச் சுரங்கம் தோண்டத் தொடங்கியது 1943இல், இராசபுதனத்தில். இன்று செய்ப்பூரில் பட்டை தீட்டப்படும் சரக்கில் சாம்பியா, பிரேசில் கற்களின் பங்கு பெரிது. வில்லியனூர்ச் சுண்டுவிரலில் ஏறும் ‘வேத’ மரகதம் பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலோ தென்னமெரிக்காவிலோ பிறந்தது.

5. ஒரே ஆளுக்கு எத்தனை கல்?

சோதிடரே ஒருவருக்கொருவர் ஒத்துப்போவதில்லை. வலுவிழந்த கோளுக்குக் கல் போட வேண்டும் என்பது ஒரு கட்சி. இலக்கினத்துக்கு நன்மை செய்யும் கோளுக்கே போட வேண்டும், கெடுப்பவனுக்குப் போட்டால் கெடுதி வலுக்கும் என்பது மறு கட்சி. மேட இலக்கினத்துக்குப் புதன் மூன்றுக்கும் ஆறுக்கும் உடையவன். மீன இலக்கினத்துக்குப் பாதகாதிபதி. முதல் கட்சி இவர்களுக்கும் மரகதம் எழுதும், இரண்டாம் கட்சி கழற்றச் சொல்லும். நேர்மையான சோதிடர்கள் இதை மறைப்பதில்லை. நகைக்கடை அட்டைதான் மறைக்கிறது: இராசியைப் பார், கல்லை எடு என்பதோடு அது நிற்கிறது.

இதன்மேல் எண் கணிதமும் வந்து ஏறிக்கொண்டது. கீரோவின் முறையில் 5 புதனின் எண். ஆனால் 5ஆம் எண்காரருக்கு அவர் சொன்ன கல் வைரம். 1912இல் அமெரிக்க நகை வணிகர் சங்கம் கன்சாஸில் கூடி வகுத்த மாதப் பட்டியலில் மே மாதத்துக்கு மரகதம். மே 5ஆம் தேதி மீன இலக்கினத்தில் பிறந்த பாகூர்க்காரர் ஒருவர், தேதிப்படி வைரமும் மாதப்படி மரகதமும் அணிந்து, இலக்கினப்படி மரகதத்துக்கு அஞ்சியும் நடக்க வேண்டியவர். மூன்று அட்டவணையும் நம் கடைத்தெருவில் ஒரே பலகையின் மேல் விற்பனைக்கு இருக்கின்றன.

6. குற்றமற்ற கல் என்னும் பொறி

சாத்திரம் கேட்பது குற்றமற்ற கல். கீறலும் புரையும் கறையும் உள்ள மணி அணிந்தவரைக் கெடுக்கும் என்பது எல்லா இரத்தின நூல்களுக்கும் பொது. ஆனால் மரகதத்தின் இயல்பே வேறு. பூமிக்குள் அது உருவாகும் விதத்தால் ஏறக்குறைய எல்லா இயற்கை மரகதத்திலும் வெடிப்பும் உள்ளடக்கமும் இருக்கும். அவை இல்லாத கல் அரிது, ஆகவே விலை எட்டாதது. கண்ணுக்குக் குறை தெரியாமலிருக்க மரகதத்துக்கு எண்ணெயோ பிசினோ ஊட்டுவது உலக வணிகத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட வழக்கம். வாங்குபவரிடம் சொல்ல வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

இப்போது பாகூரில் நெல் விற்ற கையோடு பிள்ளைக்கு மோதிரம் வாங்க வந்தவரை நினைத்துப் பாருங்கள். கல் கீறலற்றதாக இருக்க வேண்டும். விலையும் கைக்குள் அடங்க வேண்டும். இரண்டையும் ஒருசேரக் கொடுப்பவை மூன்றே: கண்ணாடி, சாயமேற்றிய பச்சை ஓனிக்ஸ், ஆய்வகத்தில் வளர்த்த செயற்கை மரகதம். சாத்திரத்தின் தூய்மை விதியே ஏழை வாங்குபவரைப் போலியின் பக்கம் தள்ளுகிறது. கையிலுள்ள பச்சைக்கல் தெளிந்த நீர்போல் இருந்தால் மகிழ்வதற்கு முன் ஐயுறுவதே முறை. உபரத்தினம் என்ற பெயரில் ஓனிக்ஸையும் பெரிடாட்டையும் பெயர் சொல்லியே விற்கும் கடைகள் உண்டு. அது நேர்மையான வணிகம். பெயர் மாற்றி விற்பதுதான் மோசடி.

எடையிலும் குழப்பம் உண்டு. காரட் என்பது 0.2 கிராம், உலகெங்கும் ஒன்றே. ரத்தி அப்படியல்ல. குன்றிமணியிலிருந்து வந்த பழைய ரத்தி சுமார் 0.12 கிராம், கல் வணிகத்தில் புழங்கும் இன்னொரு ரத்தி சுமார் 0.18 கிராம். “அஞ்சு ரத்தி போடுங்க” என்றால் ஒரு கணக்கில் 3 காரட், மறு கணக்கில் 4.5 காரட். எடை கூடக் காரட் ஒன்றின் விலையும் கூடும் என்பதால் இந்த வேறுபாடு மோதிரத்தின் விலையை ஒன்றரை மடங்குக்கு மேலேயே தள்ளும்.

உழைக்கும் கைக்கு இது ஏற்ற கல்லுமல்ல. கடினத்தன்மை 7.5 முதல் 8 வரை இருந்தாலும் உள்வெடிப்புகளால் எளிதில் தெறிக்கும். சோப்புத் தண்ணீரும் வெயிலும் ஊட்டிய எண்ணெயை வெளியேற்றும். பத்துவைக்கும் சூட்டில் கல் வெடிக்கும். நாற்று நடும் விரலில் சில ஆண்டுகளில் அதன் முகம் மங்கும். அப்போது சொல்லப்படும் விளக்கம் நமக்குத் தெரிந்ததே: “தோஷத்தை வாங்கிக்கிச்சு, மாத்தணும்.”

7. பலன் பற்றி

பலனுக்கு அறிவியல் விளக்கம் தரும் முயற்சியும் நடந்தது. பரோடா கீழைக்கலை நிறுவனத்தின் இயக்குநராக இருந்த பினயதோஷ் பட்டாசார்யா, மணிகள் அண்டக் கதிர்களின் நிறங்களைத் தேக்கி உடலுக்குத் தருவதாக எழுதினார். அடித்திறந்த மோதிரம் தோலைத் தொட வேண்டும் என்பதற்கு இன்று சொல்லப்படும் காரணம் இந்தச் சிந்தனையின் சாயல் கொண்டது. ஆனால் கல்லின் பச்சை, ஒளியில் அது விழுங்காமல் விட்ட பகுதி. குரோமியம் சிவப்பையும் ஊதாவையும் எடுத்துக்கொள்கிறது. எஞ்சியது நம் கண்ணுக்கு வருகிறது. புதன் கோளுக்கும் பச்சை ஒளி கிடையாது. சூரிய ஒளியைத் திருப்பியனுப்பும் சாம்பல் நிறப் பாறை உருண்டை அது.

சாதகத்திலிருந்து புத்தியை அறிய முடியுமா என்பது தனியே சோதிக்கப்பட்டிருக்கிறது. செயந்த் நார்லிக்கர், நரேந்திர தபோல்கர் முதலியோர் மராட்டியத்தில் நடத்திய சோதனை 2009இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளியாயிற்று. படிப்பில் சிறந்த 100 பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய 100 பிள்ளைகள் ஆகியோரின் சாதகங்களிலிருந்து 40 சாதகங்கள் ஒவ்வொரு சோதிடருக்கும் தரப்பட்டன. விடையனுப்பிய 27 பேரின் சரிவிகிதம் 46 விழுக்காடு. காசு சுண்டினால் கிடைப்பது 50. சோதனை கல்லைப் பற்றியதல்ல என்பது நியாயமான மறுப்பு. ஆனால் புத்திக் குறைவைச் சாதகத்தில் கண்டறிந்த பிறகே கல் எழுதப்படுகிறது. நோயறிதல் நிற்காதபோது மருந்துச் சீட்டு எதன்மேல் நிற்கும்?

அணிந்தபின் பிள்ளை தெம்பாகப் படித்தான் என்று சொல்லும் தாய் பொய் சொல்லவில்லை. வீடே அவன்மேல் கவனம் வைத்தது, அவனும் தன்மேல் நம்பிக்கை வைத்தான், அது நடக்கக்கூடியதே. அதே கவனத்தைப் பாசிப்பயறுச் சுண்டலும் திருவெண்காட்டுப் பயணமும் குறைந்த செலவில் தந்துவிடும் என்பது என் கருத்து. குறிப்பிட்ட சில நோய்கள் தீரும் என்று சொல்லிக் கல்லையோ தாயத்தையோ விளம்பரம் செய்தால் அது 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திரப் பரிகாரங்கள் விளம்பரச் சட்டத்தின்படி குற்றம். பேசத் திக்கும் அந்தச் சிறுமியை அழைத்துச் செல்ல வேண்டிய இடம் பேச்சுப் பயிற்சியாளரிடம்.

இந்த வட்டாரத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா, பாட்டன் காலத்துச் சாதகக் குறிப்பேடோ ஓலையோ இருந்தால் எடுத்துப் பாருங்கள். பரிகாரம் என்ற இடத்தில் விளக்கும் தானமும் எழுதியிருக்கிறதா, கல் எழுதியிருக்கிறதா, கல் என்றால் எந்த ஆண்டிலிருந்து என்று குறித்துவையுங்கள். பழுப்பேறிய தாளைப் பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் ஒரு படமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.